ஒரே கேலரி, ஒரே கதவுகள்: சாந்தியாகோவின் தேசிய அரங்கம்

சிலி நாட்டின் 1973 ஆட்சிக் கவிழ்ப்பைப் பற்றிப் பேசுபவர்கள் இரண்டு விளையாட்டரங்கங்களை ஒன்றாக்கிவிடுவது உலகெங்கும் நடக்கிறது. பாடகர் விக்தோர் ஹாரா அந்த ஆண்டு செப்டம்பரில் கொல்லப்பட்டது, தலைநகர் சாந்தியாகோவின் மையத்தில் இருக்கும் எஸ்தாதியோ சிலே என்ற சிறிய உள்ளரங்கில். இன்று அதற்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் ஏறத்தாழ இரண்டு மாதம் அடைத்துவைக்கப்பட்டது வேறோர் இடத்தில்: நகரின் கிழக்குப் பக்கம், நுன்யோவா பகுதியில், கிரேசியா அவென்யூவை ஒட்டி நிற்கும் தேசிய அரங்கத்தில். இந்த வேறுபாட்டை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. தேசிய அரங்கம் அந்த நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த கட்டடம். நாட்டின் அணி அங்கேதான் ஆடும். உலகக் கோப்பையின் இறுதியாட்டம் அங்கே நடந்திருக்கிறது. ராணுவம் தன் மிகப் பெரிய சிறைக்கூடத்தை ஒதுக்குப்புறத்தில் அமைக்கவில்லை. நகரமே பார்க்கும் இடத்தில் அமைத்தது. அது எப்படி அவ்வளவு எளிதாக முடிந்தது? அதற்குப் பிறகும் அதே புல்தரையில் எப்படிப் பந்து உருள்கிறது? இந்த இரண்டு கேள்விகளையும் பிரித்துப் பார்க்க முடியாது என்று நினைக்கிறேன்.

அரங்கம் திறக்கப்பட்டது 1938 டிசம்பர் 3 அன்று, ஜனாதிபதி அர்த்தூரோ அலெசாந்திரியின் ஆட்சி முடியும் தறுவாயில். கட்டுமானம் முந்தைய ஆண்டுதான் தொடங்கியிருந்தது. 1936 ஒலிம்பிக்ஸ் நடந்த பெர்லின் அரங்கத்தின் தாக்கம் அதன் வடிவத்தில் தெரிந்தது. 60 ஹெக்டேருக்கும் மேற்பட்ட வளாகத்தின் நடுவே முட்டை வடிவ கான்கிரீட் கட்டடம். கிழக்கே பார்த்தால் ஆண்டீஸ் மலை. தொடக்க ஆட்டத்தில் கோலோ-கோலோ அணி பிரேசிலின் சாவ் கிறிஸ்தோவாவ் அணியை 6-3 என வென்றது. இவ்வளவு பெரிய அரங்கத்தை நிரப்ப இந்த ஊரில் ஆள் ஏது என்று அன்றைக்குக் கேட்டவர்கள் பலர்.

ராணுவத்துக்கு அது எப்படி எளிதாக முடிந்தது என்ற முதல் கேள்விக்கான விடை கட்டடத்தின் அமைப்பிலேயே இருந்தது. பல்லாயிரம் பேரைக் குறுகிய நேரத்தில் உள்ளே கொண்டுவந்து, பார்வைக்கு எட்டும்படி உட்காரவைத்து, அதே வேகத்தில் வெளியே அனுப்புவதற்கென்றே கட்டப்பட்டது அது. வளாகத்தைச் சுற்றி வேலி, சில பெரிய வாசல்கள். கேலரிக்கு ஏற, எண்ணிட்ட திறப்புகள். கேலரியின் அடியில் ஜன்னல் குறைந்த தாழ்வாரங்கள், உடைமாற்றும் அறைகள், கழிப்பறைகள், கிடங்குகள். நடுத்தரையில் நிற்கும் ஒருவரை எல்லாப் பக்கமிருந்தும் பார்க்கலாம். கேலரியில் இருப்பவர்களையும் கீழிருந்து மொத்தமாகப் பார்க்கலாம். கால்பந்துக்குத் தேவையான ஒவ்வொரு வசதியும் காவலுக்கும் தேவையான வசதி. எந்த ஊர் அரங்கத்துக்கும் இது பொருந்தும். வாசலின் சாவி யார் கையில் என்பது மட்டுமே மாறுகிறது.

நாட்டின் மனத்தில் இந்த அரங்கம் நிலைத்தது 1962இல். உலகக் கோப்பையை நடத்தும் உரிமையை சிலி 1956இல் பெற்றிருந்தது. 1960 மே மாதம் தெற்கே வால்டிவியாவை மையமாகக் கொண்டு 9.5 அளவில் நிலம் நடுங்கியது. கருவிகளில் இதுவரை பதிவான நிலநடுக்கங்களில் அதுவே மிகப் பெரியது. ஒன்றும் இல்லாத நாடு என்பதாலேயே எல்லாவற்றையும் செய்துகாட்டுவோம் என்ற பொருளில் ஏற்பாட்டுக் குழுத் தலைவர் கார்லோஸ் தித்போர்ன் பேசியது அங்கே பழமொழி போலாகிவிட்டது. போட்டி தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பு அவர் இறந்துபோனார். நிலநடுக்கச் சேதத்தால் ஆட்டங்கள் நான்கு ஊர்களுக்குள் சுருங்கின. சாந்தியாகோவில், புல்தரையைச் சுற்றி ஓடிய சைக்கிள் பந்தயத் தடத்தை எடுத்துவிட்டு கேலரியை விரித்தார்கள்; எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அமர முடிந்தது.

அந்த ஜூன் மாதம் அங்கே நடந்தவற்றைக் கால்பந்து அறிந்தவர்கள் இன்றும் பேசுகிறார்கள். ஜூன் 2 அன்று சிலியும் இத்தாலியும் மோதிய ஆட்டம் அடிதடியாக மாறி இத்தாலிய வீரர்கள் இருவர் வெளியேற்றப்பட்டார்கள். அதற்கு நடுவராக இருந்த கென் ஆஸ்டன்தான் பின்னாளில் மஞ்சள், சிவப்பு அட்டைகளை யோசித்தவர். அரையிறுதியில் காரிஞ்சாவின் பிரேசிலிடம் 4-2 எனத் தோற்ற சிலி, யூகோஸ்லாவியாவுக்கு எதிரான மூன்றாம் இடப் போட்டியில் கடைசி நிமிடத்தில் எலாடியோ ரோஹாஸ் போட்ட கோலால் வென்றது. மறுநாள் அதே தரையில் பிரேசில், செக்கோஸ்லோவாக்கியாவை 3-1 எனத் தோற்கடித்துக் கோப்பையைத் தக்கவைத்துக்கொண்டது. அந்த ஆண்டு முடியும் முன் இரண்டு பல்கலைக்கழகங்களின் பெயர் தாங்கிய சாந்தியாகோ அணிகள் மோதிய ஆட்டத்துக்கு 85,000க்கும் மேற்பட்டோர் வந்தார்கள். அரங்கத்தை நிரப்ப ஆள் ஏது என்ற கேள்வி அத்தோடு ஓய்ந்தது.

கூட்டத்தைச் சேர்க்கும் இடம் அரசியலுக்கும் உரியதாகிவிடும். 1971 டிசம்பர் 2 அன்று, சிலியில் நீண்ட பயணத்தை முடித்துக்கொண்ட ஃபிடல் காஸ்ட்ரோவுக்கு இங்கேதான் வழியனுப்பு விழா. அன்று பேசிய ஜனாதிபதி சால்வடோர் அயெந்தே, தன்னைச் சுட்டுத் துளைத்தால்தான் மக்கள் தந்த திட்டத்தை நிறைவேற்றுவதிலிருந்து தடுக்க முடியும் என்றார். ஓராண்டு கழித்து, 1972 டிசம்பரில், நோபல் பரிசு பெற்றுத் திரும்பிய பாப்லோ நெரூதாவை வரவேற்க இதே அரங்கம் திறந்தது. தமிழ் வாசகர்களுக்கு நெரூதாவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஒரு கவிஞருக்காகக் கால்பந்து அரங்கத்தில் விழா எடுத்த நாடு அது. அயெந்தே அப்போது வெளிநாட்டில் இருந்ததால் பொறுப்பு ஜனாதிபதியாக விழாவில் வரவேற்றுப் பேசியவர் ராணுவத் தளபதி கார்லோஸ் பிராட்ஸ். அரசியல் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட படைவீரர் என்று பெயரெடுத்தவர். இந்த மூவருக்கும் நேர்ந்ததைச் சேர்த்துப் படிக்கும்போது மனம் கனக்கிறது. 1973 செப்டம்பர் 11 அன்று, குண்டுவீச்சுக்கு உள்ளான ஜனாதிபதி மாளிகையில் அயெந்தே இறந்தார். பன்னிரண்டு நாளில் நெரூதா இறந்தார். அடுத்த ஆண்டு செப்டம்பரில் புவெனஸ் ஐரிஸில் கார் குண்டு வெடித்து பிராட்ஸும் அவர் மனைவியும் இறந்தார்கள். வைத்தது, கவிழ்ப்பின் மூலம் ஆட்சியைப் பிடித்த ராணுவத் தளபதி பினோசேயின் ரகசியப் போலீஸ்.

கவிழ்ப்பு நடந்த ஓரிரு நாட்களில் லாரிகளும் பேருந்துகளும் கைதிகளோடு அரங்கத்துக்குள் நுழையத் தொடங்கின. தொழிற்சாலைகளிலிருந்து தொழிலாளர்கள், பல்கலைக்கழகங்களிலிருந்து மாணவர்களும் ஆசிரியர்களும், குடியிருப்புகளில் வீடு வீடாகத் தேடிப் பிடிக்கப்பட்டவர்கள், ஊரடங்கு நேரத்தில் தெருவில் இருந்ததற்காகப் பிடிபட்டவர்கள். செப்டம்பர் கடைசியில் செஞ்சிலுவைச் சங்கத்தின் கணக்கில் உள்ளே இருந்தவர்கள் சுமார் 7,000 பேர். அவர்களில் 200 முதல் 300 பேர் வெளிநாட்டினர். பிரேசில், உருகுவே, பொலிவியா போன்ற நாடுகளின் அடக்குமுறைக்குத் தப்பி அயெந்தேயின் சிலியை நம்பி வந்திருந்தவர்கள் பலர். நவம்பர் வரை அந்த வாசல்களைக் கடந்தவர்களின் மொத்த எண்ணிக்கையை 12,000 முதல் 20,000 வரை வெவ்வேறாக மதிப்பிடுகிறார்கள்.

ஆண்களை உடைமாற்றும் அறைகளிலும் கேலரி திறப்புகளின் அடியிலிருந்த நடைவழிகளிலும் அடைத்தார்கள். ஓர் அணியின் பதினொரு பேருக்கும் மாற்று ஆட்டக்காரர்களுக்குமான அறையில், படுக்கக்கூட இடமில்லாமல் நூறு பேருக்கு மேல் இருந்ததைப் பலர் சாட்சியமாகச் சொல்லியிருக்கிறார்கள். பெண்களை நீச்சல் குளத்தின் உடைமாற்றும் அறையில் வைத்தார்கள். பகலில் ஆண்களைக் கேலரியில் உட்காரவைப்பது உண்டு. எதிரே இயந்திரத் துப்பாக்கிகள். ஆட்டக்காரர்களின் பெயர்களை அறிவிக்கப் பயன்பட்ட ஒலிபெருக்கி இப்போது விசாரணைக்கு உரியவர்களின் பெயர்களை அறிவித்தது. பெயர் கேட்டவர் கறுப்பு வட்டு என்று அழைக்கப்பட்ட குறியிடத்துக்கு வந்து நிற்க வேண்டும். அங்கிருந்து வளாகத்தின் இன்னொரு மூலையில் இருந்த சைக்கிள் பந்தய அரங்கத்துக்குக் கூட்டிப்போவார்கள். சித்திரவதையின் பெரும்பகுதி அங்கே நடந்தது. முகத்தை மூடிய ஒருவன் கேலரி வரிசைகளின் முன்னால் நடந்து, பழைய தோழர்களை விரலால் சுட்டிக் காட்டிக்கொடுத்ததையும் உயிர் பிழைத்தவர்கள் நினைவுகூர்கிறார்கள். கிரேசியா அவென்யூ பக்கத்து வாசலில் பெண்கள் நாள் முழுக்கக் காத்திருந்தார்கள்: மாற்றுத் துணியோடு, உணவுப் பொட்டலத்தோடு, உள்ளே இருக்கிறாரா இல்லையா என்ற ஒரு சொல்லுக்காக.

அமெரிக்கர்களான சார்ல்ஸ் ஹோர்மனும் ஃபிராங்க் தெரூஜியும் இங்கே கொண்டுவரப்பட்டுக் கொல்லப்பட்டவர்கள். ஹோர்மனைத் தேடி வந்த தந்தையின் அலைச்சலைத்தான் கோஸ்தா காவ்ராஸ் 1982இல் ‘மிஸ்ஸிங்’ என்ற படமாக எடுத்தார். மறுபக்கம், ஸ்வீடனின் தூதர் ஹரால்ட் எடெல்ஸ்டாம் நேராக அரங்கத்துக்குப் போய் அதிகாரிகளோடு மன்றாடி 54 உருகுவே நாட்டவரை மீட்டுவந்தார். அந்த ஆண்டு டிசம்பரிலேயே அவரை நாட்டைவிட்டு வெளியேறச் சொன்னார்கள். ஒரு தனிமனிதரின் துணிவால் என்ன நடக்கும் என்பதற்கு அந்த 54 பேர் சாட்சி.

உலகக் கால்பந்து அமைப்பு என்ன செய்தது? 1974 உலகக் கோப்பைக்குத் தகுதிபெற சிலியும் சோவியத் யூனியனும் இரண்டு ஆட்டம் ஆட வேண்டியிருந்தது. கவிழ்ப்பு நடந்த பதினைந்தாம் நாள், செப்டம்பர் 26 அன்று, மாஸ்கோவில் நடந்த முதல் ஆட்டம் கோலின்றி முடிந்தது. இரண்டாவது ஆட்டம் நவம்பர் 21 அன்று சாந்தியாகோவின் தேசிய அரங்கத்தில். சிறைக்கூடமாகிவிட்ட இடத்தில் ஆட மாட்டோம், வேறு நாட்டில் வையுங்கள் என்றது சோவியத் தரப்பு. ஃபிஃபா தன் பொதுச்செயலர் ஹெல்முட் கேசரையும் துணைத்தலைவர் அபிலியோ தால்மெய்டாவையும் அக்டோபர் கடைசியில் ஆய்வுக்கு அனுப்பியது. அவர்கள் புல்தரையைப் பார்த்தார்கள். அந்த நேரத்தில் மிச்சமிருந்த கைதிகள் கேலரிக்கு அடியில் மறைக்கப்பட்டிருந்தார்கள். நகரில் வாழ்க்கை இயல்பாக இருக்கிறது, அரங்கத்தில் இருப்பவர்கள் அடையாளம் சரிபார்க்கப்பட வேண்டியவர்களே, அவர்களைக் கைதிகள் என்று சொல்ல முடியாது என்ற கருத்தில் அவர்கள் அறிக்கை தந்தார்கள். விளையாட்டு நிர்வாகம் எழுதிய அறிக்கைகளில் இதைவிட வெட்கப்படத்தக்க ஒன்றை நான் படித்ததில்லை. அவர்கள் ஏமாற்றப்பட்டார்கள் என்ற சமாதானம் எடுபடாது. உள்ளே ஆட்கள் அடைக்கப்பட்டிருப்பதை அறிக்கையே ஒப்புக்கொள்கிறது.

நவம்பர் தொடக்கத்தில் அரங்கம் காலி செய்யப்பட்டது. பலரை விடுவித்தார்கள், இன்னும் பலரை வடக்கே அட்டகாமா பாலைவனத்தில் கைவிடப்பட்ட வெடியுப்புச் சுரங்க ஊரான சாகபூகோவுக்கு அனுப்பினார்கள். குறித்த நாளில் சிலி அணி மட்டும் களமிறங்கியது. எதிரே யாரும் இல்லை. சிவப்புச் சட்டைக்காரர்கள் தங்களுக்குள் பந்தைக் கடத்திக்கொண்டே போனார்கள். அணித்தலைவர் ஃபிரான்சிஸ்கோ வால்டேஸ் வெறும் வலைக்குள் பந்தைத் தட்டினார். ஆட்டம் 2-0 எனப் பதிவானது. வந்திருந்த கூட்டத்தை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்று பிரேசிலின் சாந்தோஸ் அணியுடன் ஒரு நட்பு ஆட்டம் வைத்தார்கள். அதில் சிலி 0-5 எனத் தோற்றது.

அந்த அணியின் ஆட்டக்காரர்களைக் குற்றவாளிகளாகப் பார்ப்பது எளிது, நியாயம் அல்ல. 1962 அணியில் இருந்தவரும் ஆட்டக்காரர் சங்கத்தின் முதல் தலைவருமான ஊகோ லெப்பே அந்த அரங்கத்திலேயே கைதியாக இருந்தார். அவரை விடுவிக்கச் சொல்லி முயன்றவர்களில் வால்டேஸும் ஒருவர். முன்கள ஆட்டக்காரர் கார்லோஸ் காஸ்ஸெலி அயெந்தே ஆதரவாளர் என்பது ஊரறிந்த செய்தி. 1974இல் உலகக் கோப்பைக்குக் கிளம்பும் அணியை வழியனுப்ப வந்த பினோசேக்கு அவர் கைகொடுக்கவில்லை. அவருடைய தாயாரைப் பிடித்துச் சித்திரவதை செய்திருந்தார்கள். 1988இல் பினோசேயின் பதவி நீடிப்பு குறித்த பொதுவாக்கெடுப்பின்போது, அந்தத் தாய் தொலைக்காட்சியில் தோன்றி நடந்ததைச் சொன்னார்; பக்கத்தில் வந்து உட்கார்ந்த மகன், இவர் என் அம்மா என்றார். ‘வேண்டாம்’ தரப்பு வென்றது.

ஆனால் சர்வாதிகாரத்தின் பதினேழு ஆண்டும் அரங்கம் மூடிக்கிடக்கவில்லை. சிறை என்ற சுவடே இல்லாததுபோல் லீக் ஆட்டங்கள் நடந்தன. 1976இல் வளாகத்தின் டென்னிஸ் தரையில் டேவிஸ் கோப்பை இறுதிப் போட்டி நடந்தது. அரையிறுதியில் சிலியுடன் ஆட சோவியத் யூனியன் மறுத்திருந்தது. இத்தாலி வந்து ஆடி வென்றது. இரட்டையர் ஆட்டத்தில் பனத்தாவும் பெர்த்தொலூச்சியும் சிவப்புச் சட்டை அணிந்தது ஒரு எதிர்ப்புக் குறி. ஆடலாமா, மறுக்கலாமா என்ற கேள்வி நமக்கும் அந்நியமானதில்லை. 1974இல், சென்னையின் அமிர்தராஜ் சகோதரர்கள் இருந்த இந்திய அணி, நிறவெறி ஆட்சி நடத்திய தென்னாப்பிரிக்காவுடன் இறுதிப் போட்டியில் ஆட மறுத்துக் கோப்பையை விட்டுக்கொடுத்தது. மறுப்பவர்களின் பெயர் கோப்பையில் பொறிக்கப்படுவதில்லை. ஆனாலும் அந்த மறுப்பே சரி என்பது என் கருத்து.

கூட்டம் கூடும் இடம் என்பதே மெல்ல மெல்ல அரங்கத்தை ஆட்சியாளர்களிடமிருந்து மீட்டது. தெருவில் பத்துப் பேர் சேர்ந்தால் தடியடி என்ற காலத்தில் கேலரியில் ஐம்பதாயிரம் பேர் சேர முடிந்தது. 1985இல் காஸ்ஸெலியின் பிரியாவிடை ஆட்டத்தில் ஆட்சிக்கு எதிரான முழக்கம் எழுந்தது. 1987 ஏப்ரலில் இங்கே இளைஞர்களைச் சந்தித்த போப் இரண்டாம் ஜான் பால், போட்டிகளின் இடமான இது முன்பு வலியின் இடமாகவும் இருந்தது என்று குறிப்பிட்டார். உள்ளூரில் அதை வாய்விட்டுச் சொல்வது அப்போதும் ஆபத்தான காரியம்.

1990 மார்ச் 12 அன்று, பதவியேற்ற மறுநாள், ஜனாதிபதி பத்ரீசியோ ஐல்வின் நாட்டு மக்களைச் சந்திக்க இந்த அரங்கத்தைத் தேர்ந்தெடுத்தார். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் பெயர்கள் ஸ்கோர் பலகையில் ஓடின. அவர்களின் மனைவியரும் தாய்மாரும் புல்தரைக்கு வந்து குவேக்கா ஆடினார்கள். ஆணும் பெண்ணும் கைக்குட்டை வீசி ஜோடியாக ஆடும் சிலியின் நாட்டார் நடனம் அது. இவர்கள் தனியாக ஆடினார்கள், துணை இருக்க வேண்டிய இடத்தை வெறுமையாக விட்டு. அந்த ஆண்டு அக்டோபரில் அம்னெஸ்டி அமைப்புக்காக இரண்டு இரவு இசை நிகழ்ச்சி நடந்தபோது ஸ்டிங்கும் பீட்டர் கேப்ரியலும் அங்கே பாடினார்கள். ஸ்டிங் அந்தப் பெண்களைப் பற்றி ஏற்கெனவே ஒரு பாட்டு எழுதியிருந்தார்.

இதற்குப் பிறகு அரசு தானாகவே அந்த இடத்தைக் காப்பாற்றியது என்று நினைத்தால் தவறு. புதிய ஜனநாயக அரசுகள் பழைய காயங்களைக் கிளற அஞ்சின. பினோசே 1998 வரை ராணுவத் தளபதியாகவே நீடித்தார். கதவைத் தட்டிக்கொண்டே இருந்தவர்கள் முன்னாள் கைதிகள். ஒவ்வொரு செப்டம்பர் 11 அன்றும் கிரேசியா அவென்யூ வாசலில் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். கார்மென் லூஸ் பரோத் எடுத்த ஆவணப்படம் அவர்களின் சாட்சியங்களைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்தது. கவிழ்ப்பின் முப்பதாம் ஆண்டான 2003இல் அரங்கம் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அதன் பயன் சில ஆண்டுகளிலேயே தெரிந்தது. 2010ஐ ஒட்டி அரங்கத்தைப் புதுப்பித்து, நீளப் பலகைகளை எடுத்துவிட்டுத் தனித்தனி இருக்கைகள் பொருத்தியபோது, வடக்கு கோலுக்குப் பின்னால் எட்டாம் எண் திறப்பைச் சுற்றிய பகுதியைத் தொடவில்லை. பழைய மரப்பலகைகள் அப்படியே இருக்கின்றன. அங்கே டிக்கெட் விற்பதில்லை. கீழே நடைவழிச் சுவரில் கைதிகள் கீறியவை இருக்கின்றன. மேலே, நினைவில்லாத மக்களுக்கு எதிர்காலம் இல்லை என்ற பொருளில் ஒரு வாசகம். ஆட்டம் ஒளிபரப்பாகும்போது கேமரா அந்தப் பக்கம் திரும்பினால், நிரம்பி வழியும் கேலரியின் நடுவே அந்த வெற்றுத் துண்டு வீட்டிலிருந்து பார்ப்பவர்களுக்கும் தெரியும்.

முழு அரங்கத்தையும் அருங்காட்சியகமாக்கியிருக்க வேண்டும் என்பவர்கள் உண்டு. அவர்கள் பக்க நியாயம் எனக்குப் புரிகிறது: சித்திரவதை நடந்த இடத்துக்குப் பக்கத்தில் கொண்டாட்டம் எப்படி? ஆனாலும் இப்போதைய ஏற்பாடே மேல் என்று நான் கருதுகிறேன். அருங்காட்சியகத்துக்கு வருபவர் வர விரும்பியவர். அரங்கத்துக்கு வருபவர் பந்தாட்டம் பார்க்க வந்தவர். அவருக்கு அந்தப் பலகைகளைப் பார்க்காமல் இருக்க வழியில்லை. சொந்த அரங்கம் இல்லாத யுனிவர்சிதாத் தே சிலே அணிக்கு இதுவே வீடு. கச்சேரிகளுக்காக ஆட்டங்களை வேறிடம் மாற்றுகிறார்கள் என்பது அதன் ரசிகர்களின் தீராத குறை. அந்தக் குறையும் சண்டையும் கோஷமும் சேர்ந்த அன்றாடத்துக்கு நடுவேதான் நினைவு உயிரோடு இருக்கிறது. பெண்கள் அடைக்கப்பட்ட நீச்சல் குள அறை நெடுநாள் பின்தள்ளப்பட்டிருந்ததையும் இங்கே சொல்ல வேண்டும். அங்கே இருந்த பெண்கள் தங்கள் கதையைத் தாங்களே வலியுறுத்திச் சொன்ன பிறகே அதுவும் நினைவிடமானது.

2008இல் அரங்கத்துக்கு அந்த ஆண்டு மறைந்த விளையாட்டுச் செய்தியாளர் ஹூலியோ மார்த்தினெஸ் பிராதனோஸின் பெயர் சூட்டப்பட்டது. மக்கள் பழைய பெயரிலேயே அழைக்கிறார்கள். 2015 ஜூலை 4 அன்று, கோபா அமெரிக்கா இறுதியில் அர்ஜென்டினாவுடன் கோலின்றி முடிந்த ஆட்டத்தை சிலி பெனால்ட்டியில் 4-1 என வென்றது. அலெக்சிஸ் சான்செஸ் கடைசிப் பந்தை மெதுவாகத் தூக்கிப் போட்டார். நாட்டின் முதல் பெரிய கோப்பை அது. 2023இல் பான் அமெரிக்க விளையாட்டுகள் நடந்தன. 2025 அக்டோபரில் 20 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பையை மொராக்கோ இங்கே வென்றது.

நடக்காமல் போன ஓர் ஆட்டமும் கணக்கில் வர வேண்டும். 2019 நவம்பரில் தென்னமெரிக்க கிளப் அணிகளின் லிபெர்தாதோரெஸ் கோப்பை இறுதியாட்டம் இங்கே நடக்கவிருந்தது. மெட்ரோ கட்டண உயர்வில் தொடங்கிய மக்கள் எழுச்சி நகரை நிறைத்ததால் ஆட்டம் லிமாவுக்குப் போனது. அந்த எழுச்சி கேட்டது புதிய அரசியல் சட்டம். 2020 அக்டோபர் 25 அன்று அதற்கான பொதுவாக்கெடுப்பில், நாட்டின் மிகப் பெரிய வாக்குச்சாவடிகளில் ஒன்றான இந்த அரங்கத்தின் வாசல்களில் மக்கள் வரிசையில் நின்றார்கள். எண்ணிட்ட அதே திறப்புகள், கேலரிக்கு அடியில் அதே தாழ்வாரங்கள். இம்முறை உள்ளே போனவர்கள் தாமாகப் போனார்கள், தாமாகத் திரும்பினார்கள். நாடு முழுவதும் 78 சதவீதம் பேர் புதிய சட்டம் வேண்டும் என்றார்கள். ஆனால் 2022இல் எழுதப்பட்ட வரைவும் 2023இல் எழுதப்பட்ட இன்னொரு வரைவும் வாக்கெடுப்பில் தோற்றன. பினோசேயின் ஆட்சி 1980இல் கொண்டுவந்த அரசியல் சட்டம், பல திருத்தங்களோடு, இன்றும் நடைமுறையில் இருக்கிறது.